கணுக்கால் பிசகினால்: விழுந்த நிமிடம் முதல் மைதானம் திரும்பும் வரை

கணுக்கால் சுளுக்கை நிறையப் பேர் இரண்டே கட்டமாகப் பார்க்கிறார்கள்: வலிக்கிறது, வலி போய்விட்டது. வலி போன மறுநாளே ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இறங்கினேன். மூன்றாவது வாரம், பந்து பக்கத்தில்கூட இல்லாத நேரத்தில், சமதரையில் அதே கால் அதே பக்கம் மடங்கியது. முதல் தடவை பத்து நாளில் நடந்தவன், இரண்டாவது தடவை மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் அணியில் யாருக்குக் கால் பிசகினாலும் பார்த்துக்கொள்வது எப்படியோ என் வேலையாகிவிட்டது.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம் எதுவோ, அதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழிகாட்டி வெளிப்பக்கச் சுளுக்குக்கானது: பாதம் உள்பக்கமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஜவ்வு இழுபட்டோ கிழிந்தோ போவது. விளையாட்டில் வரும் கணுக்கால் சுளுக்குகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

1. பையில் முன்கூட்டியே இருக்க வேண்டியவை

10 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ் இரண்டு, மெல்லிய துண்டு ஒன்று, கத்தரிக்கோல், ஒட்டும் டேப், விரல் தடிமனில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. ஐஸ் எங்கே கிடைக்கும் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பேண்டேஜ் புதிதாக இருக்கட்டும். பல தடவை துவைத்து இழுவை போனது காலில் சுற்றியிருக்குமே தவிர அழுத்தம் கொடுக்காது.

2. முதல் ஐந்து நிமிடம்: எழுப்பி நிறுத்தாதீர்கள்

ஒருவன் விழுந்தவுடன் இரண்டு பேர் ஓடிப்போய்க் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, "நடந்து பாரு, சரியாயிடும்" என்பார்கள். நான் பார்த்த தவறுகளில் இதுதான் முதலிடம். எலும்பு முறிந்திருந்தால், உடல் எடையை அதன்மேல் வைப்பது முறிந்த துண்டுகளை விலக்கிவிடக்கூடும்.

உட்கார்ந்த இடத்திலேயே இருக்கட்டும். முதலில் கண்ணால் பாருங்கள். பாதம் கோணலாகத் திரும்பியிருந்தாலோ, எலும்பு தோலைத் துருத்திக்கொண்டு நின்றாலோ, காயம் திறந்திருந்தாலோ, விரல்கள் வெளிறி அல்லது நீலமாக மரத்துப் போயிருந்தாலோ, ஷூவைக்கூடக் கழற்ற வேண்டாம். கால் எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் அசையாமல் தாங்கிப் பிடித்து அவசர சிகிச்சைக்குக் கொண்டு போங்கள்.

அப்படி எதுவும் இல்லை என்றால் லேஸை முழுவதும் தளர்த்தி ஷூவையும் சாக்ஸையும் மெதுவாகக் கழற்றுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் வீக்கம் ஏறிவிடும், அப்புறம் ஷூவை இழுக்கிற இழுப்பில் இன்னொரு தடவை கால் மடங்கும்.

3. எலும்பா, ஜவ்வா: விரலால் தொட்டுப் பாருங்கள்

எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒட்டாவா விதிகள் மிக எளிமையானவை. கனடாவின் ஒட்டாவா நகரில் உருவானவை, 1992இல் வெளியானவை. முறிவை இந்த விதிகள் தவறவிடுவது மிக அரிது. தொடுவது முதலில், நடப்பது கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கட்டைவிரலால் நான்கு இடங்களில் எலும்பின் மேலேயே அழுத்துங்கள். வெளிப்பக்கக் கணு எலும்பின் நுனியும், அங்கிருந்து மேலே 6 செ.மீ. வரை அதன் பின்விளிம்பும் ஒன்று. உள்பக்கக் கணு எலும்பில் அதே இடங்கள் இரண்டாவது. பாதத்தின் வெளி விளிம்பில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவில் கைக்குத் தட்டுப்படும் மேடு மூன்றாவது. உள்பக்கம், கணுவுக்கு முன்னால் கொஞ்சம் கீழே புடைத்திருக்கும் படகு எலும்பு நான்காவது.

இந்த நான்கில் எங்கே எலும்பில் வலித்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எங்கும் வலிக்கவில்லை என்றால் மட்டும் நான்கு அடி நடக்கச் சொல்லுங்கள். நொண்டி நடந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு காலிலும் இரண்டு தடவை எடையை மாற்றி வைக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. முடியவில்லை என்றால் அதற்கும் எக்ஸ்ரே தேவை.

புதியவர்கள் தடுமாறுவது எங்கே தெரியுமா? கணு எலும்புக்கு முன்னால், சற்றுக் கீழே இருக்கும் மெத்தென்ற பள்ளத்தில் அழுத்திவிட்டு "அலறுகிறான், எலும்புதான்" என்பார்கள். அது ஜவ்வு இருக்கும் இடம், சுளுக்கில் அங்கே வலிக்கத்தான் செய்யும். கட்டைவிரலுக்கு அடியில் கெட்டியாகத் தட்டுப்படுகிற இடத்தின் வலிதான் இங்கே கணக்கு. மூன்றாவது இடத்தை மறந்துவிடுபவர்களும் உண்டு. கணுக்கால் மடங்கும்போது சுண்டுவிரல் பக்க எலும்பின் அடிப்பகுதி முறிவது அடிக்கடி நடப்பதுதான்.

இந்தச் சோதனையை நம்பக் கூடாத ஆட்களும் இருக்கிறார்கள். குடித்திருப்பவர், வேறெங்கோ பலத்த அடி பட்டு அந்த வலியில் இருப்பவர், நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர் ஆகியோருக்கு வலி சரியாகத் தெரியாது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு ஜவ்வைவிடப் பலவீனமானது. பெரியவருக்கு ஜவ்வு கிழியும் அதே மடங்கலில் பிள்ளைக்கு அந்தத் தட்டு விலகக்கூடும். அதனால் பிள்ளைகளுக்கு எலும்பு நுனியில் வலி என்றால் "சுளுக்குதான்" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம்.

4. சுளுக்கு வேஷத்தில் வரும் வேறு காயங்கள்

குதிகாலுக்கு மேலே "டப்" என்ற சத்தம், யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி உணர்வு, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை: இது கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலீஸ் தசைநாண் அறுந்ததன் அடையாளம். குப்புறப் படுக்க வைத்து, பாதங்கள் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விட்டு, கெண்டைக்காலை அமுக்கிப் பாருங்கள். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். அசையவில்லை என்றால் அன்றே மருத்துவமனை. இதில் ஏமாற்றுவது என்னவென்றால், ஆள் தட்டுத்தடுமாறி நடப்பார், வலியும் சீக்கிரம் அடங்கிவிடும்.

பாதம் வெளிப்பக்கமாகத் திருகி, வலி கணுவுக்கு மேலே இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் இருந்தால் அது மேல்சுளுக்கு. கெண்டைக்கால் நடுவில் இரண்டு எலும்பையும் சேர்த்து அமுக்கும்போது கணுவருகே வலிக்கும். இது ஆற அதிக நாள் எடுக்கும், சில சமயம் அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கும். உள்ளங்காலின் நடுவில் ரத்தக்கட்டு தெரிந்து, முன்பாதத்தில் எக்கி நிற்க முடியாமல் போனால் நடுப்பாத மூட்டு விலகியிருக்கலாம். இரண்டையும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

விழவே இல்லை, மடங்கவே இல்லை, ஆனால் ஓட ஓடப் பாதத்தில் விரல் நுனி அளவு ஒரே இடத்தில் வலி கூடுகிறதா? அழுத்த முறிவாக, அதாவது ஓடி ஓடி எலும்பில் விழும் மெல்லிய விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே நார்மல்" என்ற ஒரே ஆறுதலில் தொடர்ந்து ஓடுவதுதான் இதில் செய்யும் பெரிய தவறு.

5. முதல் மூன்று நாள்

ஐஸை ஈரத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. வலியை மரக்கச் செய்வதுதான் அதன் முக்கிய வேலை. நேராகத் தோலில் வைத்தால் தோல் வெந்தது போலாகிவிடும். வைத்தபடியே தூங்கிப்போய்க் கொப்புளத்தோடு எழுந்தவரைப் பார்த்திருக்கிறேன். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், ரத்த ஓட்டக் கோளாறு உள்ளவர்கள் ஐஸைத் தவிர்ப்பது நல்லது.

காலை உயர்த்துவது என்றால் எதிரே இருக்கும் நாற்காலியில் நீட்டுவது இல்லை. பாதம் நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும். படுத்துக்கொண்டு கெண்டைக்காலுக்கு அடியில் இரண்டு மூன்று தலையணை வைத்தால்தான் அந்த உயரம் வரும். தேங்கிய நீர் தானாக வழிந்து இறங்குவதற்குத்தான் இத்தனையும்.

இந்த மூன்று நாளும் சூடு வேண்டாம், மது வேண்டாம், உருவி விடுவதும் நீவி விடுவதும் வேண்டாம். உள்ளே நுண்குழாய்கள் கிழிந்து கசிந்துகொண்டிருக்கும்போது இவை கசிவைக் கூட்டும். "சுளுக்கு எடுக்கிறேன்" என்று யாராவது பாதத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுக்க வந்தால் காலை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். விலகிய எலும்பு ஏதாவது இருந்தால்தானே எடுத்து வைக்க? அங்கே இருப்பது கிழிந்த ஜவ்வு.

வலிக்குப் பாராசிட்டமால் போதும் என்றால் அதோடு நிறுத்துங்கள். ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இரண்டாம் மூன்றாம் நாளில் கருநீலம் விரல்கள் வரை இறங்கும். பார்த்துப் பயப்படாதீர்கள், ரத்தம் கீழ்நோக்கி வடிவதுதான் அது. ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ கதை வேறு. ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

6. கட்டுப் போடுவது

கிரேப் பேண்டேஜை எல்லோரும் கணுக்காலைச் சுற்றியே நாலு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளிப் மாட்டிவிடுகிறார்கள். இப்படிச் செய்தால் கணு நெரியும், விரல் பக்கம் வீங்கும்.

முதலில் பாதத்தைச் செங்கோணத்தில் நிறுத்துங்கள். பாதம் தொங்கிய நிலையில் கட்டினால் கணுக்கால் அந்த நிலையிலேயே விறைத்துக்கொள்ளும். அடுத்து, ஸ்பாஞ்சைக் குதிரை லாட வடிவத்தில் வெட்டி, திறந்த பக்கம் மேலே இருக்கும்படி வெளிக் கணுவைச் சுற்றி வையுங்கள். வீக்கம் சேர்வது கணுவைச் சுற்றியுள்ள பள்ளத்தில். கட்டு அந்தப் பள்ளத்தைத் தொடாமல் மேட்டுக்கு மேடு தாவிப் போய்விடும். ஸ்பாஞ்ச் இருந்தால்தான் அழுத்தம் பள்ளத்துக்குள் இறங்கும்.

விரல்களை வெளியே விட்டு, விரல்கள் தொடங்கும் இடத்தில் பாதத்தைச் சுற்றி இரண்டு சுற்றுப் போடுங்கள். அங்கிருந்து புறங்கால் மேல் சரிவாக ஏறி, கணுக்காலுக்குப் பின்னால் சுற்றி, மறுபடி புறங்கால் வழியாக இறங்கி, உள்ளங்காலுக்கு அடியில் போக வேண்டும். எட்டு வடிவம் கிடைக்கும். உள்ளங்காலுக்கு அடியில் போகும்போது உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக இழுங்கள். பாதத்தின் வெளி விளிம்பை மேலே தூக்கிப் பிடிக்கும் இழுப்பு அது, கால் மறுபடி உள்ளே மடங்கவிடாது. எதிர்த்திசையில் சுற்றினால் அந்தக் கட்டே பாதத்தை மடங்கிய பக்கம் இழுக்கும்.

ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். விரல் பக்கம் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. குதிகால் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது, அந்த இடைவெளியில் வீக்கம் பிதுங்கும்.

முடித்ததும் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை, விரல் சில்லிடுகிறது, எறும்பு ஊர்கிறது என்றால் தயங்காமல் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். இரவு தூங்கும்போது கழற்றிவிடலாம்.

7. கால் ஊன்றத் தொடங்குதல்

வலி விடும் அளவுக்குச் சீக்கிரமே காலை ஊன்றிப் பழகுவது, வாரக்கணக்கில் ஆடாமல் அசையாமல் வைத்திருப்பதைவிட நல்லது. ஜவ்வு முழுதாகக் கிழிந்திருந்தால் மருத்துவர் பத்து நாள் வரை மாவுக்கட்டோ கணுக்காலை அசையவிடாத மருத்துவ பூட்ஸோ போடலாம், அது வேறு.

ஊன்றுகோல் இரண்டு இருந்தால் மேல்விளிம்பு கக்கத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே இருக்கட்டும். எடையைத் தாங்க வேண்டியது கைகள்தான். கக்கத்தில் தொங்கினால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும். ஒரே கோல் என்றால் அடிபட்ட காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் அடிபட்ட பக்கமே பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே சாய்கிறார்கள்.

அடி சின்னதாக இருந்தாலும் குதிகால் முதலில், விரல் கடைசியில் என்று நடக்கட்டும். விரல் நுனியில் தத்தி நடந்து பழகிவிட்டால் அந்த நடையை மாற்றத் தனியாக ஒரு வாரம் போகும்.

8. அசைவு

இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்தே ஆரம்பிக்கலாம். படுத்தபடி பெருவிரலைப் பேனாவாக நினைத்து அ முதல் ஔ வரை காற்றில் எழுதுங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. முழங்காலை ஆட்டி எழுதி ஏமாற்றக் கூடாது, அசைய வேண்டியது கணுக்கால் மட்டும்.

எடை தாங்கத் தொடங்கியதும் சுவர்ச் சோதனை. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலைச் சுவரில் தொடுங்கள். பெருவிரலைச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் பின்னால் நகர்த்தியும் தொட முடிகிறது என்று இரண்டு காலிலும் அளந்து எழுதி வையுங்கள். வித்தியாசம் 1 செ.மீ. அளவுக்குக் குறையும் வரை இதையே பயிற்சியாகவும் செய்யலாம். இந்த மடக்கம் வராமல் ஓடினால், குதித்து இறங்கும்போது கணுக்கால் வாங்க வேண்டிய அதிர்ச்சி வேறு எங்காவது போகும்.

வலிக்கு ஒரு அளவுகோல்: பத்துக்கு மூன்று வரை பொறுக்கலாம். மறுநாள் காலை வீக்கமும் வலியும் முந்தைய காலையைவிடக் கூடியிருந்தால், செய்தது அதிகம். கடைசிக் கட்டம் வரை இதே அளவுகோல்தான்.

9. பலம்

சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலிலும் எக்கி இறங்குவது, 15 தடவை வீதம் மூன்று சுற்று. சுலபமானதும் இரண்டு காலில் ஏறி ஒரு காலில் இறங்குங்கள். அப்புறம் ஒரே காலில். நல்ல கால் எத்தனை தடவை எக்குகிறதோ அத்தனை தடவை அடிபட்ட காலும் எக்க வேண்டும்.

கூடவே ரெசிஸ்டன்ஸ் பேண்டை (பயிற்சிக்கான ரப்பர் பட்டை) பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். கால் மடங்கும்போது தடுத்து நிறுத்துபவை கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசைகள். தள்ளுவதைவிடத் திரும்பி வருவது முக்கியம். மூன்று நொடி எடுத்து மெதுவாக விடுங்கள். மடங்குகிற காலைப் பிடித்து நிறுத்தும்போது தசை செய்வது அந்த வேலையைத்தான்.

10. சமநிலை: எல்லோரும் தாண்டிப்போகும் படி

என் கால் இரண்டாம் தடவை மடங்கியதற்குக் காரணம் இங்கேதான் இருந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை, எக்க முடிந்தது. ஒரு காலில் நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் கேட்டார். நல்ல காலில் மரம் போல நின்றேன், மறு காலில் ஐந்து நொடிகூடத் தாங்கவில்லை. கணுக்கால் தறியடித்த மாதிரி ஆடியது.

ஜவ்வு என்பது வெறும் கயிறு இல்லை. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அதில் இருக்கின்றன. கிழியும்போது அந்தத் தகவலும் குலைகிறது. கால் மடங்கத் தொடங்கிய செய்தி தாமதமாக வந்தால், தசை எவ்வளவு பலமாக இருந்தும் புண்ணியம் இல்லை.

வலியில்லாமல் முழு எடையையும் ஊன்ற முடிகிற நாளிலேயே தொடங்குங்கள். கை எட்டும் தூரத்தில் சுவர் இருக்கட்டும். வெறுங்காலில், ஒரு காலில் 30 நொடி, மூன்று தடவை. அது ஆடாமல் வந்தால் கண்ணை மூடி. அதுவும் வந்தால் தலையணைமேல். அப்புறம் தலையணைமேல் நின்றபடி யாராவது வீசும் பந்தைப் பிடிப்பது. கவனம் பந்தில் இருக்கும்போதும் கால் தானாகச் சமாளிக்க வேண்டும், ஆட்டத்தில் யாரும் கணுக்காலைப் பார்த்துக்கொண்டு ஓடுவதில்லை. படிகளைத் தாண்டாதீர்கள். எடுத்த எடுப்பில் தலையணையில் ஏறி, விழுந்து, மறுபடி கட்டுப் போட்டுக்கொண்ட ஒரு கோல்கீப்பரை எனக்குத் தெரியும்.

பல் துலக்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்பது எனக்கு இப்போதும் பழக்கம். இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் யாரும் செய்வதில்லை.

11. ஓட்டம், திருப்பம், ஆட்டம்

முப்பது நிமிடம் வேகமாக நடந்தும் நொண்டவில்லை என்றால் ஓட்டம் ஆரம்பிக்கலாம். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, சமதரையில் நேர்கோட்டில். அப்புறம் வேகத்தைக் கூட்டுங்கள், ஆனால் இன்னும் நேர்கோடுதான். அடுத்து பெரிய வளைவுகள், பெரிய எட்டு, சின்ன எட்டு. அதற்கு அப்புறம் சட்டென்று நின்று திரும்புவது, குதிப்பது. கடைசியாகத்தான் பிறரோடு மோதும் பயிற்சி. கால் மடங்குவது நேர் ஓட்டத்தில் குறைவு, திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும் அதிகம். அதனால்தான் அவை கடைசியில் வருகின்றன.

ஒவ்வொரு படியிலும் குறைந்தது இரண்டு நாள் இருந்து, மறுநாள் காலை காலைப் பார்த்துவிட்டு மேலே போங்கள். ஆட்டத்துக்கு முன் ஒரு சோதனை: ஒற்றைக் காலில் நொண்டியடித்து எவ்வளவு தூரம் தாண்ட முடிகிறது என்று இரண்டு பக்கமும் அளங்கள். அடிபட்ட கால் மற்றதன் தூரத்தில் 90 சதவீதமாவது எட்ட வேண்டும். இரண்டு கணுக்காலும் முன்பே பிசகியவராக இருந்தால் இந்த ஒப்பீடு ஏமாற்றும், இரண்டுமே மோசமாக இருந்தாலும் 100 சதவீதம் வரும்.

நாள் கணக்கு கேட்பார்கள். லேசான சுளுக்கு ஒன்றிரண்டு வாரம், பாதி கிழிந்தது மூன்று முதல் ஆறு வாரம், முழுதும் கிழிந்தது மூன்று மாதமோ அதற்கு மேலோ. ஆனால் படிகளைத் தீர்மானிப்பது காலண்டர் இல்லை, மேலே சொன்ன சோதனைகள்தான். வலி மாத்திரை போட்டுக்கொண்டு சோதனை செய்தால் அது சோதனையே இல்லை.

12. திரும்பிய பிறகு

லேஸ் கட்டும் வகைக் கணுக்கால் பிரேஸை ஆட்டத்திலும் பயிற்சியிலும் ஓராண்டு வரை போட்டுக்கொள்ளுங்கள். மறுசுளுக்கைக் குறைப்பதில் அது நன்றாக உதவுகிறது. டேப்பும் உதவும், ஆனால் ஓட ஓடத் தளர்ந்துவிடும், ஒவ்வொரு தடவையும் ஒட்டத் தெரிந்த ஆள் வேண்டும். பிரேஸ் போட்டாயிற்று என்று சமநிலைப் பயிற்சியை நிறுத்துகிறார்கள். குறைந்தது இரண்டு மாதமாவது அது தொடரட்டும்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் உள்ளே ஆழமாக வலித்தாலோ, மூட்டு இடையில் சிக்கிக்கொண்டாலோ, கணுவுக்குப் பின்னால் ஏதோ சறுக்கித் துள்ளினாலோ, நடக்கும்போதே அடிக்கடி மடங்கினாலோ மருத்துவரிடம் திரும்பப் போங்கள். மூட்டுக்குள் குருத்தெலும்பு பெயர்ந்திருக்கலாம், வெளிப்பக்கத் தசைநாண் கிழிந்திருக்கலாம். இவை சாதாரண எக்ஸ்ரேயில் தவறிப்போகும், எம்ஆர்ஐ தேவைப்படலாம். போகும்போது சுவர்ச் சோதனை அளவுகளையும் ஒற்றைக்கால் நொடிக் கணக்கையும் எழுதி எடுத்துப் போங்கள். "இன்னும் வலிக்குது" என்று சொல்வதைவிட, "நாலு வாரமாகச் சுவரிலிருந்து 6 செ.மீ.க்கு மேல் நகரவில்லை, மறு கால் 10 செ.மீ." என்று சொன்னால் அவர் எங்கே தேட வேண்டும் என்று சீக்கிரம் பிடிபடும்.